ரத்தான டிஜிட்டல் சான்றிதழ்: பட்டியல் எங்கே இருக்கிறது, எப்படிப் பார்ப்பது? ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்பவர், பர்கூரில் கிரானைட் அறுப்பவர், ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்பவர், ஊத்தங்கரையில் சாலைப்பணி டெண்டர் எடுப்பவர் என்று பலருடைய மேசை இழுப்பறையில் இப்போது ஒரு யு.எஸ்.பி. டோக்கன் கிடக்கிறது. அதற்குள் இருக்கும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழை வாங்கித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டோக்கன் தொலைந்து சான்றிதழை ரத்து செய்தால் அந்த ரத்து எங்கே பதிவாகிறது என்றோ, எதிர்த்தரப்பு அனுப்பிய பி.டி.எஃப்.பில் இருக்கும் கையொப்பம் ரத்தான சான்றிதழால் போட்டதா என்றோ கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

கம்ப்யூட்டர் சில நேரம் பார்க்கும், சில நேரம் பார்க்காது. பார்க்க முடியாமல் போனதைச் சொல்லாமலே விட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் இதைக் கையால் செய்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

காசோலை தொலைந்தால் வங்கியில் ஸ்டாப் பேமென்ட் சொல்கிறோம். அது பலிப்பதற்குக் காரணம், எந்தக் காசோலையும் கடைசியில் அதே வங்கிக்குத்தான் வந்தாக வேண்டும். டிஜிட்டல் சான்றிதழ் அப்படித் திரும்பி வருவதில்லை. அதை வழங்கிய நிறுவனத்துக்குத் தெரியாமலே ஆயிரம் இடங்களில் அது காட்டப்படும், ஏற்கப்படும். வழங்கியவரால் செய்யக்கூடியது ஒன்றுதான்: “இந்த எண்ணை நம்பாதீர்கள்” என்று ஒரு பட்டியலில் எழுதிப் பொதுவில் வைப்பது. அந்தப் பட்டியலைத் தேடிப் போய்ப் பார்ப்பது, சான்றிதழை நம்பப்போகிறவரின் வேலை.

மூன்று நிலைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

காலாவதி என்பது சான்றிதழிலேயே எழுதியிருக்கும் தேதி முடிந்துபோவது. அதற்குப் பட்டியல் தேவையில்லை. சான்றிதழைத் திறந்தாலே தெரியும். ரத்து என்பது தேதி முடியும் முன்பே வழங்கியவர் திரும்பப் பெறுவது. இது சான்றிதழுக்குள் தெரியவே தெரியாது, ஏனென்றால் ரத்தான பிறகும் உங்கள் கையில் இருக்கும் கோப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை.

மூன்றாவது, அடோபி ரீடரில் வரும் மஞ்சள் கேள்விக்குறி. இ-ஆதாரைத் திறந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ‘வேலிடிட்டி அன்நோன்’ என்று வரும். இதைக் கண்டதும் சான்றிதழ் ரத்தாகிவிட்டது, போலி என்றெல்லாம் பதறத் தேவையில்லை. எல்லாச் சான்றிதழ்களுக்கும் உச்சியில் நிற்கும் இந்தியாவின் மூலச் சான்றிதழை உங்கள் கணினியில் இருக்கும் ரீடர் இன்னும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நம்பிக்கை வேறு கேள்வி, ரத்து வேறு கேள்வி. முதலாவதைத் தீர்த்துவிட்டுத்தான் இரண்டாவதுக்கு வர முடியும்.

யார் பட்டியல், எந்தப் பட்டியல்?

இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பத்துக்கு அடிப்படை, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதன்படி சி.சி.ஏ. எனப்படும் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் உச்சியில் இருக்கிறார். அவர் நடத்தும் மூல அமைப்புதான் ஈமுத்ரா, கேப்ரிகார்ன், என்கோட் போன்ற உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அந்த நிறுவனங்கள், பல நேரம் தமக்குக் கீழே ஒரு துணை அமைப்பின் வழியாக, உங்களுக்குத் தருகின்றன.

இங்கே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சான்றிதழையும் அதை நேரடியாக வழங்கியவரின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். உங்களுடையதைத் துணை அமைப்பின் பட்டியலில், துணை அமைப்பினுடையதை உரிமம் பெற்ற நிறுவனத்தின் பட்டியலில், நிறுவனத்தினுடையதை மூல அமைப்பின் பட்டியலில். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான உங்கள் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்தால் அரை வேலைதான் முடிந்தது. நடுவில் ஒரு கண்ணி ரத்தானால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் சேர்ந்தே விழும். மூலச் சான்றிதழை மட்டும் எந்தப் பட்டியலாலும் ரத்து செய்ய இயலாது. அதை நம்பிக்கைத் தொகுப்பிலிருந்து நீக்குவது ஒன்றுதான் வழி.

பட்டியலுக்குள் என்ன இருக்கிறது?

ரத்தான சான்றிதழ் பட்டியலை எல்லோரும் சி.ஆர்.எல். என்றே சொல்கிறார்கள். எக்ஸ்.509 என்ற தரத்தின்படி அமைந்த கோப்பு இது. இணையத்தில் இதன் வடிவத்தை வரையறுப்பது 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5280.

அதில் பெயர்கள் இருக்காது. “என் பங்குதாரர் பெயர் இருக்கிறதா?” என்று தேடுபவர்களுக்கு முதல் ஏமாற்றம் இது. இருப்பது வரிசை எண்களும் தேதிகளும்தான். மேற்பகுதியில் பட்டியலை வெளியிட்டவர் யார், எப்போது வெளியிட்டார், அடுத்தது எந்தத் தேதிக்குள் வரும், பட்டியலின் எண் என்ன என்ற விவரங்கள். அதன் கீழே ரத்தான ஒவ்வொரு சான்றிதழின் வரிசை எண், ரத்தான நேரம், சில நேரம் காரணக் குறியீடு. கடைசியில் வெளியிட்டவரின் கையொப்பம்.

காரணக் குறியீடு வெறும் எண்ணாக வந்தால் இப்படிப் படியுங்கள். 0 என்றால் காரணம் சொல்லவில்லை. 1 என்றால் கையொப்பம் போடப் பயன்படும் ரகசியத் தனிச்சாவி பிறர் கைக்குப் போய்விட்டது அல்லது போயிருக்கலாம். 2, வழங்கிய அமைப்பின் சாவியே பறிபோனது. 3, நிறுவனத்தோடு இருந்த தொடர்பு மாறியது. வேலையை விட்டுப் போன மேலாளருக்கு இதுதான் வரும். 4, வேறு சான்றிதழ் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. 5, செயல்பாடு நின்றுபோனது. 6, தற்காலிக நிறுத்தம். 9, கொடுத்த உரிமை திரும்பப் பெறப்பட்டது. 7 என்ற எண்ணே பயன்பாட்டில் இல்லை. இவற்றில் திரும்பி உயிர்பெறக் கூடியது 6 மட்டும். மற்ற எதில் ரத்தானாலும் புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது 1. 2ஐத் தவிர மற்றவை பெரும்பாலும் நிர்வாக மாற்றங்கள். 1 என்று கண்டால், ரத்தான நாளுக்கு முன்பு போட்ட கையொப்பங்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சாவி எப்போது களவு போனது என்பதும் களவு எப்போது தெரியவந்தது என்பதும் ஒரே நாளாக இருப்பது அபூர்வம்.

கையால் பார்க்கும் முறை

முதலில் சான்றிதழைக் கைக்குக் கொண்டுவாருங்கள். உங்களுடையது என்றால் டோக்கனைச் செருகி, விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘மேனேஜ் யூசர் செர்டிஃபிகேட்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘பர்சனல்’ என்பதன் கீழே பாருங்கள். மற்றவர் அனுப்பிய பி.டி.எஃப். என்றால் அடோபி ரீடரில் கையொப்பத்தைச் சொடுக்கி, ‘சிக்னேச்சர் ப்ராபர்ட்டீஸ்’, அதிலிருந்து ‘ஷோ சைனர்ஸ் செர்டிஃபிகேட்’ என்று போக வேண்டும். அங்கேயே ‘எக்ஸ்போர்ட்’ பொத்தான் இருக்கும். சான்றிதழைத் தனிக்கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். அச்சிட்ட தாளில் தெரியும் பச்சை டிக் குறியை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெண்டர் ஆவணத்தோடு அந்தத் தாளை நகலெடுத்து இணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூலக்கோப்புதான் வேண்டும்.

அடுத்து ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய் இரண்டு விவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘சீரியல் நம்பர்’. பதினாறு அடிமான எண் என்பதால் எழுத்துகளும் கலந்து நீளமாக இருக்கும். முதல் நான்கைந்து இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது. முழுவதையும் ஒப்பிட வேண்டும். மற்றொன்று ‘சி.ஆர்.எல். டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்ஸ்’. இதில்தான் பட்டியல் இருக்கும் இணைய முகவரி எழுதியிருக்கும்.

அந்த முகவரி பூட்டுக்குறி இல்லாத சாதாரண எச்.டி.டி.பி.யில் தொடங்குவதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்தது. பூட்டுக்குறியுள்ள தளம் என்றால் அந்தத் தளத்தின் சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு பட்டியல் வேண்டும், அதற்கு இன்னொன்று என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டியலே கையொப்பமிட்டது என்பதால் நடுவழியில் ஒருவர் மாற்றினால் சோதிக்கும் மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். ஓசூர், குருபரப்பள்ளி பக்கத்துத் தொழிற்சாலைகளில் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் பாதுகாப்பு என்று சாதாரண எச்.டி.டி.பி. போய்வரும் 80ஆம் போர்ட்டை முழுதாக மூடிவிட்டால், உள்ளே இருக்கும் கணினிகள் எந்தப் பட்டியலையும் எடுக்க முடியாமல் “ரத்து நிலை தெரியவில்லை” என்று சொல்லத் தொடங்கும். அப்போது டோக்கனையோ ஆடிட்டரையோ குறை சொல்லிப் பயனில்லை.

முகவரியை உலாவியில் இட்டால் ஒரு கோப்பு இறங்கும். இருமுறை சொடுக்கித் திறந்து, முதலில் ‘ஜெனரல்’ பகுதியைப் படியுங்கள். வெளியிட்டவர் பெயர், உங்கள் சான்றிதழில் ‘இஷ்யூவர்’ என்று இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா? ‘நெக்ஸ்ட் அப்டேட்’ தேதி இன்னும் தாண்டாமல் இருக்கிறதா? தாண்டியிருந்தால் அந்தப் பட்டியலை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கோப்புக்குள் நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும், இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. டெண்டர் முடியும் நாளில் இந்த ஐந்தரை மணி நேரம் பெரிய வித்தியாசம்.

பிறகு ‘ரெவொகேஷன் லிஸ்ட்’ பகுதி. வரிசை எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அதன்மேல் சொடுக்க, ரத்தான நேரமும் காரணமும் கீழே தெரியும்.

எண் இல்லையென்றால்? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். “இல்லை” என்பதற்குப் பொருள், இந்த வெளியீட்டாளரின் இந்தப் பட்டியல் வெளியான நேரம் வரை ரத்தாகவில்லை என்பது மட்டுமே. காலையில் வெளியான பட்டியலில் மதியம் ரத்தானது இருக்காது. இன்னொன்றும் உண்டு. காலாவதியான சான்றிதழ்களின் எண்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட விதி இடம் தருகிறது, இல்லையென்றால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே 2 ஆண்டுகளுக்கு முன் ரத்தாகி, சென்ற ஆண்டு காலாவதியான ஒன்றை இன்றைய பட்டியலில் தேடிக் காணவில்லை என்றால் அது நல்ல சான்றிதழ் என்று நிரூபணம் ஆகாது.

சங்கிலி முழுவதற்கும் இதைச் செய்வது சலிப்பான வேலை. விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ என்ற கட்டளை இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் அதை எழுதி, ஒரு சிறுகோடும் ‘யூஆர்எல்’ என்ற சொல்லும் சேர்த்து, நீங்கள் சேமித்த சான்றிதழ்க் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதில் சி.ஆர்.எல். என்பதைத் தேர்ந்து ‘ரிட்ரீவ்’ கொடுங்கள். பட்டியலை எடுத்துவந்து, அதன் கையொப்பத்தையும் சோதித்து, முடிவைச் சொல்லும். விண்டோஸ் ஒருமுறை எடுத்த பட்டியலை அடுத்த வெளியீட்டுத் தேதி வரை சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கமுடையது. நேற்று ரத்தானதை இன்றும் நல்லது என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் இந்தச் சேமிப்புதான்.

ஒற்றைக் கேள்வியாகக் கேட்பது

முழுப் பட்டியலையும் இறக்காமல், “இந்த ஒரு எண் எப்படி?” என்று வழங்கியவரிடமே கேட்கும் முறையும் உண்டு. ஓ.சி.எஸ்.பி. என்பது அதன் பெயர்; 2013இன் ஆர்.எஃப்.சி. 6960 அதை வரையறுக்கிறது. நல்லது, ரத்தானது, தெரியாது என்று மூன்று பதில்கள்தான். மேலே சொன்ன அதே பெட்டியில் ஓ.சி.எஸ்.பி.யைத் தேர்ந்தும் கேட்கலாம். ‘நல்லது’ என்ற பதிலையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்துப் பதிவு இல்லை என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தருவதில்லை.

பட்டியல் பெருத்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற மென்பொருள் பாதுகாப்பு ஓட்டை காட்டியது. சாவிகள் கசிந்திருக்கலாம் என்ற அச்சத்தில், இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களை மொத்தமாக ரத்து செய்தபோது, 22 கே.பி. இருந்த ஒரு பட்டியல் 4 எம்.பி.க்கு மேல் ஊதிப்போனது. ஓ.சி.எஸ்.பி. இந்தச் சுமையைக் குறைத்தது. ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது பதில் சொல்லும் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும் என்ற புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது.

இணையதளங்களில் கதை வேறு

டோக்கன் சான்றிதழைப் பற்றிச் சொன்னதை அப்படியே இணையதளச் சான்றிதழுக்குப் பொருத்தக் கூடாது. உலாவிகள் இதில் தனிவழி போகின்றன.

காரணத்தை நம் ஊரை வைத்தே சொல்லலாம். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிப் பக்கம் போனால் சிக்னல் வரும், போகும். ஒவ்வொரு தளத்துக்கும் முன் ரத்து நிலையைக் கேட்டு, பதில் வராவிட்டால் தளத்தைத் திறக்க மாட்டேன் என்று உலாவி அடம்பிடித்தால் அங்கே யாரும் இணையம் பயன்படுத்த முடியாது. அதனால் பதில் வராவிட்டால் “பரவாயில்லை” என்று விட்டுவிடும் பழக்கம் வந்தது. ஆனால் உங்கள் இணைப்பின் நடுவே உட்கார்ந்து ஏமாற்றுபவனால் அந்தக் கேள்வியையே தடுக்கவும் முடியும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் வேலை செய்யாத காவல் அது. 2012இல் குரோம் வழக்கமான ஓ.சி.எஸ்.பி. கேள்வியைக் கைவிட்டு, கூகுளே தொகுத்து அனுப்பும் ஒரு சிறு பட்டியலுக்கு மாறியதில் நியாயம் இருந்தது. ஃபயர்பாக்ஸ் எல்லாப் பட்டியல்களையும் சுருக்கி உலாவிக்குள்ளேயே வைக்கும் சி.ஆர்.எல்.லைட் என்ற முறையை 2025இல் கணினிப் பதிப்பில் கொண்டுவந்தது. இரண்டில் எனக்குப் பிடித்தது ஃபயர்பாக்ஸின் வழி. யாரையும் கேட்காமல் தானே பார்க்கிறது.

இந்தச் சிறு பட்டியல்கள் எப்போது கைகொடுக்கும் என்பதற்கு இந்திய உதாரணமே இருக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் பெயரிலான தளங்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதை அந்நிறுவனம் கண்டறிந்தது. வழங்கியது தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பு. மறுநாள் சி.சி.ஏ. அதன் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. குரோமும் தன் பட்டியலில் அவற்றைத் தடுத்தது. இந்திய மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட்டின் தொகுப்பில் இருந்ததால் விண்டோஸ் பயனர்களுக்கே ஆபத்து. தனித் தொகுப்பு வைத்திருந்த ஃபயர்பாக்ஸுக்கு இல்லை. நடுக்கண்ணி விழுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே, அது நடந்த சம்பவம் இது. அதற்கு 3 ஆண்டுகள் முன் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்து கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள்; அந்த நிறுவனம் சில வாரங்களில் திவாலானது.

இணையதளச் சான்றிதழ் உலகம் இப்போது பட்டியல் பக்கமே திரும்பிவிட்டது. 2024 மார்ச் முதல் அங்கே ஓ.சி.எஸ்.பி. விருப்பத்துக்குரியது, சி.ஆர்.எல். கட்டாயம். இலவசமாக இணையதளச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஆகஸ்டில் தன் ஓ.சி.எஸ்.பி. சேவையை மூடிவிட்டது. கூடவே சான்றிதழின் ஆயுளையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்: 398 நாளாக இருந்தது 2026 மார்ச் 15 முதல் 200, 2027இல் 100, 2029இல் 47. ஆயுள் குறைந்தால் ரத்து செய்ய வேண்டிய தேவையே குறையும் என்பது கணக்கு. நிறுவன இணையதளத்தை மட்டும் நடத்துபவர்கள் இனி ரத்தைவிடத் தானியங்கிப் புதுப்பித்தலைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும்.

கையொப்பமிட்ட நேரமா, பார்க்கும் நேரமா?

பி.டி.எஃப். கையொப்பத்தில் மிகுதியாகச் சண்டை வருவது இதில்தான். மார்ச்சில் கையொப்பம், ஜூனில் ரத்து, ஆகஸ்டில் நீங்கள் திறந்து பார்க்கிறீர்கள். செல்லுமா? சாவி களவு போகாத வரை, மார்ச்சில் நல்லதாக இருந்த சான்றிதழால் போட்ட கையொப்பம் செல்ல வேண்டும். ஆனால் அது மார்ச்சில்தான் போடப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் ஆதாரமாகாது. கடிகாரத்தைப் பின்னால் தள்ள யாராலும் முடியும். மூன்றாம் தரப்பின் நேரமுத்திரை சேர்ந்திருந்தால்தான் வலு. அப்போதைய ரத்துப் பட்டியலையும் ஓ.சி.எஸ்.பி. பதிலையும் பி.டி.எஃப்.புக்குள்ளேயே பொதித்து வைக்கும் எல்.டி.வி. வசதியும் இருந்தால் 10 ஆண்டு கழித்தும் வாதாடலாம்.

அடோபியில் ‘ப்ரிஃபரன்சஸ்’, ‘சிக்னேச்சர்ஸ்’, ‘வெரிஃபிகேஷன்’ என்று போனால், எந்த நேரத்தை வைத்துச் சோதிப்பது என்று தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. இயன்றபோதெல்லாம் ரத்துச் சோதனை வெற்றி பெற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பெட்டியும் அங்கேதான். அந்தப் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சான்றிதழையே ரத்து செய்ய வேண்டி வந்தால்

டோக்கன் தொலைந்தது, அதைத் திறக்கும் ரகசிய ‘பின்’ எண் வெளியே போனது, டோக்கனை வைத்திருந்த ஊழியர் விலகினார் என்றால் காத்திருக்காதீர்கள். சட்டத்தின் 42ஆம் பிரிவு, சாவியை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும், அது பறிபோனால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. டோக்கனையும் பின்னையும் கணக்கு எழுதுபவரிடம் நிரந்தரமாகக் கொடுத்துவைக்கும் நம்மூர்ப் பழக்கம் இந்தப் பிரிவோடு ஒத்துப்போகாது. உரிமையாளர் இறந்த பிறகும் அவர் பெயரிலான டோக்கனில் மகன் தாக்கல் செய்வது அதைவிட மோசம். சான்றிதழ்தாரர் இறந்தாலும், நிறுவனம் கலைந்தாலும் ரத்து செய்ய 38ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

ரத்துக் கோரிக்கையை உங்களுக்குச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தின் இணையதளத்தில்தான் கொடுக்க வேண்டும். விற்றுத் தந்த முகவரிடம் தொலைபேசியில் சொன்னதாலேயே அது ரத்தாகிவிடாது. வரிசை எண் கைவசம் இருந்தால் வேலை சுலபம். டோக்கன் தொலைந்த பிறகு எண்ணைத் தேட முன்பு நீங்கள் கையொப்பமிட்ட ஏதாவது ஒரு பி.டி.எஃப். போதும். காரணம் கேட்கும் இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். களவு போனதை ‘வேறு சான்றிதழ் வாங்கிவிட்டேன்’ என்று மழுப்பினால், இடைப்பட்ட நாளில் யாரோ போட்ட கையொப்பம் உங்களுடையதாகவே நிற்கும்.

ஒப்புகை வந்ததும் மேலே சொன்ன முறையில் புதிய பட்டியலைத் திறந்து உங்கள் எண் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறிய பட்டியலின் கோப்பைத் தேதியோடு சேமித்து வையுங்கள். எண் பின்னால் நீக்கப்பட்டாலும் உங்களிடம் சான்று இருக்கும். புதிய சான்றிதழ் வந்தபின் ஜி.எஸ்.டி., வருமான வரி, டெண்டர் தளம் என எங்கெல்லாம் பழையதைப் பதிந்திருந்தீர்களோ அங்கெல்லாம் புதியதைப் பதிய வேண்டும். ஒன்றில் செய்தால் மற்றதில் தானாக மாறாது.

பழைய டோக்கன் கையிலேயே இருந்து, ‘பின்’ எண் கசிந்ததற்காகவோ பதவி மாறியதற்காகவோ ரத்து செய்தவர்கள் அதை உடனே அழித்துவிட வேண்டாம். கையொப்பச் சான்றிதழோடு, கோப்புகளைப் பூட்டித் திறக்க உதவும் மறையாக்கச் சான்றிதழும் அதில் இருக்கலாம். அந்தச் சாவியால் பூட்டிய பழைய கோப்புகளை வேறு எந்தச் சாவியாலும் திறக்க முடியாது. ரத்து செய்தாலும் திறக்கும் வேலையை அந்தச் சாவி தொடர்ந்து செய்யும். கோப்புகளையெல்லாம் திறந்து வேறிடத்தில் சேமித்த பிறகு டோக்கனைத் துடைத்துக்கொள்ளலாம்.